சூப்பர்வைசரின் வாய்

அந்த நாய்க்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தது பிரஸ்காரர்தான். வேலை ஒன்றும் செய்யாது, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் அதட்டும், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறாமல் வந்து நிற்கும், வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார். கீழ்வீட்டில் குடியிருந்த போர்மேன்கூட அதைக் கேட்டுச் சிரித்தார். தான் போர்மேன், சூப்பர்வைசர் இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

கட்டடம் சின்னது. கீழே பாத்திரப் பட்டறைப் போர்மேன் வீடு. நடுவில் அதே பட்டறையில் பிரஸ் ஓட்டுகிற பிரஸ்காரர் வீடு. மேலே ஆம்புலன்ஸ் ஓட்டுகிற டிரைவர் தனியாக இருந்தான். நடுவீட்டின் முன்னறை முழுக்கத் தேய்ப்பு மேசைதான். பிரஸ்காரர் மனைவி காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் மேசைமேல் பழைய கம்பளியை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணியை இழுத்துவிட்டு, தண்ணீர் தெளித்து, தேய்ப்புப் பெட்டியை எடுத்தாள் என்றால் இருட்டுகிறவரை கை ஓயாது. துணி கொண்டுவருகிறவர்கள் வருவார்கள், எடுத்துப்போகிறவர்கள் வருவார்கள். படியில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் போதும், சூப்பர்வைசர் கழுத்தை மேலே தூக்கி ஆரம்பித்துவிடும். வந்தவர் துணியைக் கொடுத்து, கணக்குச் சொல்லி, படியிறங்கித் தெருமுனை திரும்புகிறவரை நிறுத்தாது.

அதைப் பழக்கியது அவர்களேதான். பிரஸ்காரருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

எவர்சில்வர் தகட்டைத் தட்டாகவும் கிண்ணமாகவும் அடித்துத் தள்ளுகிற பிரஸ்ஸில் அவர் பாதி ஆயுசைக் கழித்தவர். எறும்பு சர்க்கரையைக் கொண்டுபோகிற மாதிரி அது அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. முதலில் குருவிச் சத்தம் போயிற்று. பிறகு குக்கர் விசில். பிறகு முதுகுக்குப் பின்னால் அவள் பேசுவது. கேட்டால், நீ வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாய் என்று அவள்மேல் பழி போட்டார். கதவைத் தட்டினாலும் கேட்கவில்லை. அவள் வெளியே போயிருக்கும்போது அவர் வீட்டிலிருந்தால் வந்தவர்கள் தட்டித் தட்டித் திரும்பிப் போனார்கள். அதனால்தான் நாய்க்குட்டி வந்த புதிதில், அது குரைத்தபடி அவர் முன்னால் போய் நின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு பிஸ்கட் கிடைத்தது. யாரோ வந்திருக்காங்கன்னு சொன்னியா, சமர்த்து என்று தலையில் ஒரு தடவலும் கிடைத்தது. நாய் கற்றுக்கொண்டது. பிறகு பிஸ்கட் நின்றுபோனது. வேலை நிற்கவில்லை.

அவர் காது விஷயம் அவளுக்கும் நாய்க்கும்தான் தெரியும். பட்டறையில் யாருக்கும் தெரிய வழியில்லை. அந்த இரைச்சலில் நல்ல காதுக்காரனுக்கே ஒன்றும் கேட்காது, எல்லாரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் பிரஸ்ஸுக்கு ஒரு மணி உண்டு. எதிரில் நிற்கிற உதவியாள் அடித்த தட்டை எடுத்து, கையை வெளியே இழுத்த பிறகு மணியை அமுக்குவான். மணி கேட்ட பிறகுதான் இவர் பெடலை மிதிக்க வேண்டும். இவருக்கு மணி கேட்பதில்லை. உதவியாளின் தோள் பின்னால் போவதைப் பார்த்து மிதிக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது ஏதோ சாமர்த்தியம்போல இதை அவளிடம் சொல்லிவிட்டார். அவள் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பக்கத்து பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல்கள் போனதும், அவர் இப்போது பட்டறை வாசலில் உட்கார்ந்து சாக்கு மூட்டைகளைத் தைப்பதும் அவளுக்குத் தெரியும்.

சொன்னால் பிரஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் என்றைக்காவது யாருடைய கையாவது போகும். இரண்டு பயத்தையும் அவள் ஒரே மூட்டையாகக் கட்டி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு துணி தேய்த்தாள்.

மழைக்கு முந்தின புழுக்கம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மேல்வீட்டு டிரைவர் இறங்கி வந்தான். அவனுக்கு இரவு டியூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும். கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல இருந்தது. நாய் அவனைப் பார்த்துக் குரைக்க, உள்ளேயிருந்து பிரஸ்காரர் நாயைவிடப் பெரிதாக, "ஏய், சும்மா இரு" என்று கத்த, அது இன்னும் உற்சாகமாகக் குரைத்தது. டிரைவருக்கு நாயென்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். வாசல் நிலைக்கு வெளியிலேயே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நாயைத் திட்டினால் பொறுத்துக்கொள்வது, விஷம் கிஷம் என்று பேசினால் பதிலுக்குப் பேசுவது என்றுகூட அந்த நேரத்துக்குள் முடிவு செய்துவிட்டாள்.

அவன் சண்டை போடவில்லை.

"அக்கா, நேத்து வண்டி ஓட்டும்போது கண் அசந்துட்டேன். உள்ள ஒரு அம்மா மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருக்காங்க. கூட இருந்த நர்ஸ் கத்துன கத்துல முழிச்சேன். முழிச்சா, எதிர்ல லாரி." அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். "எனக்குத் தூங்கணும்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். அவன் படியேறிப் போன பிறகு அவன் கட்டியிருந்த கைலியின் கசங்கலே கண்ணுக்குள் நின்றது.

அதற்குப் பிறகு சாயங்காலம் எங்கே சைரன் கேட்டாலும் அவள், போகிறது அவன் வண்டிதானோ, இன்றைக்குத் தூங்கினானோ இல்லையோ என்று எண்ணிக்கொண்டு பெட்டியைச் சட்டைமேல் அப்படியே நிறுத்திவிட்டு, கருகுகிற வாசனை வந்த பிறகு எடுத்தாள். வண்டிக்குள் படுத்திருக்கிற யாரோ ஒருவரின் உயிர், தன் வீட்டு நாயின் வாயில் இருக்கிறது என்று நினைத்தாள். பிரஸ்காரரிடம் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாயென்றால் குரைக்கும், பூனையென்றால் கத்தும், அவனுக்குப் பஞ்சை வாங்கிக் காதில் வைத்துக்கொள்ளச் சொல் என்றார்.

"அவனுக்குப் பஞ்சு. உங்களுக்கு என்ன வைக்கிறது?" என்று அவள் கேட்டாள். அது அவருக்குக் கேட்டதோ கேட்கவில்லையோ, வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார்.

முதலில் அவளுக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்தாள். அதட்டினாள். செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடித்தாள். நாயைப் பின்னறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள், அது குரைத்ததோடு கதவையும் பிறாண்டியது. கடைசியில் துணிக்கிழிசலை மெத்தென்று மடித்து அதன் வாயைக் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் வீடு வீடாக இருந்தது. தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது சூப்பர்வைசர் மேசைக்கடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. விலா எலும்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, கட்டுக்குள்ளிருந்து நுரை வழிந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால்தான் நாய்க்குச் சூடு இறங்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அவிழ்க்கப் போன கைக்கு முடிச்சு பிடிபடவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். தலையில் தண்ணீர் ஊற்றினாள். அது எழுந்து நின்று உடம்பை உதறிவிட்டு அவள் முகத்தை நக்கியபோது அவளுக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துப் படியில் யாரோ ஏற, அது மறுபடியும் குரைத்தது.

ஏறி வந்தது கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அவருடைய கோட்டுகளை அவள்தான் தேய்ப்பாள். நனைந்த நாயையும், தரையில் கிடந்த வாய்க்கட்டையும், அவள் கண்ணையும் பார்த்துவிட்டு அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிற மனிதர். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. நீங்கள் கத்தினால் அது என்ன நினைக்கும், நம் வீட்டம்மாவும் நம்மோடு சேர்ந்து குரைக்கிறாள், இன்னும் பலமாகக் குரைக்கலாம் என்றுதான் நினைக்கும் என்றார். வீட்டில் இருப்பது ஒரு நாயா மூன்று நாயா என்று அதற்கே குழப்பமாக இருக்கும் என்றும் சொன்னார். பிறகு அவர் சொன்ன ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

"குரைக்காதன்னு சொன்னா அதுக்கு எப்படிம்மா புரியும்? அதோட வேலையைப் புடுங்குறீங்க. பதிலுக்கு வேற வேலை குடுங்க. யாராவது வந்தா வாயால சொல்ல வேண்டாம், மூக்கால சொல்லட்டும்."

முறையையும் சொல்லிக்கொடுத்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் நாய் நேராகக் குரைத்துவிடாது, முதலில் காதைத் தூக்கும். காது எழுந்து வாய் திறப்பதற்குள் உள்ளங்கையை அதன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். மூக்கு கையில் பட்டால் ஒரு துண்டு முட்டை. குரைத்துவிட்டால் திட்டும் இல்லை, தீனியும் இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆனால் பழக்குவதற்குப் படியில் ஒரு ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். துணி கொடுக்க வருகிறவர்களிடம் போய் நாலு தடவை ஏறி இறங்குங்கள் என்று சொல்ல முடியாது. டிரைவரிடம் கேட்டாள். நாய் இருக்கிற பக்கமே வராதவனிடம் கேட்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது. அவன் எட்ட நின்றபடியே கதவைப் பார்த்துக் கேட்டான்.

"கதவைச் சாத்தித்தானே வைப்பீங்க?"

"சாத்தி, தாப்பாளும் போட்டுடறேன் தம்பி."

"அப்ப வர்றேன். தூக்கம் வராம பாயில புரள்றதுக்குப் படி ஏறலாம்."

அப்படியே நடந்தது. டியூட்டி முடிந்து வந்து டீ குடித்துவிட்டு அவன் ஏறுவான், இறங்குவான். உள்ளே நாய் குரைத்தால் அவன் கால் தானாக இரண்டு படி பின்னால் போய்விடும். கீழே போர்மேன் தலையை நீட்டி, என்னப்பா, கீழே எதையாவது தொலைத்துவிட்டாயா என்று விசாரித்தார். கால் வலிக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று டிரைவர் சமாளித்தான். உள்ளே அவள் ஒரு கையில் முட்டைத் துண்டோடு, மறுகையை வெறுமையாக வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். நாய் முதலில் குரைத்தது. பிறகு குரைத்துக்கொண்டே மூக்கை வைத்தது. பிறகு மூக்கை வைத்துவிட்டு ஞாபகம் வந்ததுபோல ஒரு குரைப்புக் குரைத்தது. முட்டை கிடைக்கவில்லை என்றதும் அவளை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், சம்பளத்தைப் பிடித்துவிட்ட முதலாளியைத் தொழிலாளி பார்ப்பானே, அந்தப் பார்வை. அந்த வாரம் முழுக்க வீட்டில் எவர் தட்டிலும் முட்டை விழவில்லை. கடைசியில் ஒருநாள் டிரைவர் கீழிருந்து மேல்வரை போய்விட்டான், உள்ளே சத்தமே இல்லை. சூப்பர்வைசரின் ஈர மூக்கு அவள் உள்ளங்கையில் அமுங்கியிருந்தது.

அடுத்து அதே வேலையை அது பிரஸ்காரரிடம் செய்ய வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு எதற்கு, எனக்கென்ன காது இல்லையா என்று கேட்டார். அவள் நேராக மோதவில்லை. ஆம்பளை கையில் தின்றால்தான் நாய் அடங்குமாம், கம்பவுண்டர் சொன்னார் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். அதற்கு மட்டும் அவர் சம்மதித்தார். கட்டிலில் உட்கார்ந்தபடி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மூக்கு படும், எழுந்து போய்க் கதவைத் திறப்பார், ஆள் நிற்கும். இரண்டொரு நாளில் அவருக்கே அது பிடித்துப்போனது. எனக்குச் சத்தம் கேட்டதே, நாய்க்கு முன்னால் நானே எழுந்துவிட்டேனே என்று சொல்லிக்கொண்டார். அவள் மறுத்துப் பேசவில்லை.

டிரைவர் தூங்க ஆரம்பித்தான். முகத்தில் ரத்தம் வந்தது. அவளுக்குத்தான் புதிதாக ஒரு பயம் தொற்றிக்கொண்டது. வீடு அமைதியாக இருந்தால் எதையோ மறந்துவிட்டோம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

மழை பிடித்துக்கொண்ட வாரம். பட்டறைக்கு விடுமுறை நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பிரஸ்காரர் உள்ளறைக் கட்டிலில் படுத்தார். மேலே டிரைவர் தூக்கத்தில் இருந்தான். பல் டாக்டரின் கோட்டுகளைச் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. தேய்க்கிறவர்கள் கரண்ட் போனதும் கையை நிறுத்துவதில்லை. பெட்டியில் மிச்சமிருக்கிற சூடு காசு மாதிரி, அதை வீணாக்கக் கூடாது. கெட்டித் துணியை ஒதுக்கிவிட்டுக் கைக்குட்டை, மெல்லிசுச் சட்டை, குழந்தை கவுன் என்று சூடு இறங்க இறங்கத் துணியையும் இறக்கிக்கொண்டே போவார்கள். அவளும் அப்படித்தான் செய்தாள். பெட்டி நன்றாக ஆறிப்போனதும் அதைக் கம்பளிமேல் அப்படியே படுக்கவைத்தாள். ஆறின பெட்டி வெறும் இரும்புக்கட்டிதானே. முடிந்த கோட்டுகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பல் டாக்டரின் வரவேற்பறையில் அவள் கோட்டுகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் விளக்கு எரிந்தது. மின்விசிறி சுழன்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அப்பாடா, வந்துவிட்டது என்றார்கள்.

அவள் விளக்கையே பார்த்தாள். சுவிட்சை அணைத்தோமா? பெட்டியை நிமிர்த்தி வைத்தோமா? இரண்டுமே இல்லை என்று கைக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. கோட்டுகளை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். குடையை எடுக்கவில்லை. மழைத்தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. செருப்பு ஒன்று சகதியில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டு ஓடினாள். கம்பளி சீக்கிரம் எரியாது, முதலில் புகையும். புகைதான் தூங்குகிறவனைக் கொல்லும். மூச்சுக்குத் தவித்த அம்மாவைப் பற்றி டிரைவர் சொன்னது மண்டைக்குள் வந்து நின்றது. பிரஸ்காரருக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மேலே இருக்கிறவன் அசந்து தூங்குகிறான். அவனைத் தூங்கவைத்ததும் அவள்தான்.

தெருமுனை திரும்பியதும் நின்று காதைக் கொடுத்தாள். குரை, ஒருதடவை குரை என்று வாய்விட்டுச் சொன்னாள். தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் வாயை நானே அடைத்தேன் என்று நினைத்தாள். மறுபடி ஓடினாள்.

படிக்கட்டு முழுக்கக் கம்பளி கருகிய நாற்றம். நடுவீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது, உள்ளே புகை. பிரஸ்காரர் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தார். அவள் அவர் தோளைப் பிடித்தபோதுதான் அவர் தன் வலது கையை இடது கையால் பொத்தியிருந்ததைப் பார்த்தாள். மணிக்கட்டில் பல் தடம். மாடித் திருப்பத்தின் மூலையில் சூப்பர்வைசர் வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டு ஒடுங்கியிருந்தது. அதற்கு எதிரில் போர்மேன் ஒட்டடைக்கம்பை நீட்டிப் பிடித்து வழிமறித்து நின்றார். டிரைவர் சட்டையில்லாமல், மேசையிலிருந்து இழுத்துப்போட்ட கம்பளியை நனைத்துக்கொண்டிருந்தான். பிளக்கைப் பிடுங்கியது பிரஸ்காரர்தான். அவர் போட்ட சத்தத்தில்தான் மற்ற இருவரும் வந்திருக்கிறார்கள்.

நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத் தெரிந்தது. தூக்கத்தில் கையில் மூக்கு பட்டிருக்கிறது. யாரோ துணிக்கு வந்திருக்கிறார்கள், மழையில் எழுந்து போக யாரால் முடியும் என்று தள்ளிவிட்டிருக்கிறார். மறுபடி மூக்கு. மறுபடி தள்ளியிருக்கிறார். பிறகு அது கையையே வாயில் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்திருக்கிறது. நாயை அடிக்கலாம் என்று துரத்திக்கொண்டு முன்னறைக்கு வந்தால் புகை.

போர்மேனுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பார்த்தது பல் தடத்தை.

"நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிட்டேம்மா. நெருப்பைப் பார்த்து மிரண்டு கடிச்சிருக்கு. இன்னிக்கு இவன் கை, நாளைக்கு யாரோ ஒரு குழந்தையோட கழுத்து."

"மிரண்டு கடிக்கலைங்க. அவரை எழுப்பியிருக்கு."

"எழுப்பணும்னா குரைக்கும். நாய் குரைச்சுத்தானே எழுப்பும்? கடிச்சா எழுப்பும்?"

பட்டறைப் பழக்கம், அவர் பேசும்போது கையும் பேசியது. விரல்களைக் குவித்து வாய்போலத் திறந்து மூடிக் காட்டி, ஏன் குரைக்கவில்லை என்று கையை விரித்தார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குப் பதில் ஒன்றுதான். அந்தப் பதில் வெளியே வந்தால் நாய் பிழைக்கும், பிரஸ் வேலை போகும். கேட்டுக்கொண்டு நிற்கிறவரோ பட்டறைப் போர்மேன். டிரைவர் கம்பளியைக் கீழே போட்டுவிட்டு வந்தான். பிரஸ்காரர் கையைத் திருப்பிப் பார்த்தான். தோல் கிழியல, இழுத்த தடம்தான் என்று மெதுவாகச் சொன்னான். நாயிடமிருந்து இரண்டடி தள்ளித்தான் நின்றான். ஆனால் நின்றான். போர்மேன் கம்பைத் தாழ்த்தவில்லை.

பிரஸ்காரர் போர்மேனின் கையைப் பார்த்தார், பிறகு மனைவியின் வாயைப் பார்த்தார். அது திறந்தபடியே இருந்தது.

"குரைச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காது," என்றார். தன் குரலின் அளவு தெரியாமல் கொஞ்சம் அதிகமாகவே சொன்னார். "ரொம்ப நாளாக் கேக்கல. மணியும் கேக்கல. தோளைப் பார்த்துத்தான் மிதிக்கிறேன்."

போர்மேனின் கையில் கம்பு மெதுவாகத் தரையைத் தொட்டது. பிரஸ்ஸுக்கு எதிரில் நிற்கிற உதவியாளின் கைகளை அவர் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசையாமல் ஏதோ சொன்னார். அவளுக்குக் கேட்டது. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிரஸ்காரர் எழுந்து நின்றார்.

"கேக்கலண்ணே. சத்தமாச் சொல்லுங்க."

போர்மேன் நிமிர்ந்தார். இந்தத் தடவை மூன்று வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நாய் இருக்கட்டும். நாளைக்கு நீ பிரஸ்ல உக்காராத."

பிரஸ்காரர் கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாகத் தலையை ஆட்டினார். அவள் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, நனைந்த முந்தானையால் அவர் மணிக்கட்டைத் துடைத்தாள்.